வாசகர் காசுலயே மருத்துவத் தளம் நடத்த முடியுமா? முடியுமுங்க, ஆனா கேக்கற வரிசை மாறணும்

கோபில இருந்து ஒரு டாக்டரம்மா கேட்டிருக்காங்க. அவங்க, கூட ஒரு ஸ்டாஃப் நர்ஸ், கம்ப்யூட்டர் வேலை பாக்கற ஒரு ஃப்ரெண்டு, மூணு பேரும் சேந்து சக்கரை, பிரஷர், மாசமா இருக்கறவங்களுக்கு வர்ற ரத்தசோகை, பாம்பு கடிச்சா முதல்ல என்ன பண்ணணும், இந்த மாதிரி விஷயத்தை நம்ம சனத்துக்கு புரியற தமிழ்ல எழுதி ஒரு இணையதளம் நடத்தறாங்க, விளம்பரம் கிடையாது, இதுவரைக்கும் எல்லாமே கைக்காசுதான். இப்ப ஒரு மூலிகை பவுடர் கம்பெனி ஸ்பான்சர் பண்றேங்குது, ஒரு தனியார் ஆஸ்பத்திரி மாசா மாசம் குடுக்கறேங்குது, அமெரிக்கால இருக்கற சித்தப்பா பையன் டாலர் அனுப்பறேங்கறாரு. இதுல எதை வாங்கலாம், வாசகர்கிட்டயே கேட்டா குடுப்பாங்களா, ட்ரஸ்ட் போட்டே ஆகணுமா, 80ஜி, அதாவது குடுக்கறவங்களுக்கு வரிக் கழிவு கிடைக்கற பதிவு, அது இல்லாட்டி ஒருத்தரும் பைசா தர மாட்டாங்கன்னு சொல்றாங்களே அது நெசமா, இதுதான் கேள்வி.

நான் ஈரோட்ல ட்ரஸ்ட், சொசைட்டி கணக்கெல்லாம் ஆடிட் பண்றவன். வைத்தியம் பத்தி எனக்கு தெரியாதுங்க, காசு எந்த வழியா வருது எந்த வழியா போகுதுங்கறது மட்டும் தெரியும், அதை சொல்றேன்.

எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் முதல் கேள்வியா கேக்கறது "சார், ட்ரஸ்ட் போடலாமா, செக்ஷன் 8 (லாபத்தை பிரிச்சுக்காத கம்பெனி) போடலாமா" அப்படிங்கறதுதான். அது கடைசி கேள்விங்க. முதல்ல ஒரு வெள்ளை பேப்பர்ல யார் யார் காசை வாங்க மாட்டோம்னு எழுதுங்க. ரெண்டாவது செலவு. வரவு, ரசீது, ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். மருத்துவம் எழுதறவங்களுக்கு இந்த வரிசை ரொம்ப முக்கியம், ஏன்னா உங்ககிட்ட விக்கறதுக்கு சரக்குன்னு ஒண்ணும் இல்ல, நீங்க சொன்னா நம்பலாம்ங்கற ஒரே விஷயம்தான் இருக்கு, அது போயிட்டா வாசகர் எதுக்கு குடுக்கணும்?

பவுடர் கம்பெனியை யோசிக்கவே வேண்டாம். மாய மருந்து விளம்பரத்தை தடுக்கறதுக்குன்னே 1954ல வந்த மத்திய சட்டம் ஒண்ணு இருக்கு, அதோட அட்டவணைல 54 நோய் போட்டிருக்கு, சக்கரை, கேன்சர், பிரஷர், கிட்னி கல்லு, வலிப்பு, உடம்பு பருமன், குழந்தையின்மை எல்லாம் அதுல வருது. இதையெல்லாம் குணமாக்கும்னு ஒரு மருந்துக்கு விளம்பரம் வந்தா, குடுத்தவன் மட்டும் இல்லீங்க, அதை வெளியிடறதுல பங்கெடுத்தவங்களும் சேந்துதான் மாட்டுவாங்க, முதல் தடவைக்கே 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி அபராதம், இல்ல ரெண்டும். அதுபோக நீங்க பதிவு பெற்ற டாக்டர், மருந்து கம்பெனிகிட்ட பரிசோ ரொக்கமோ வாங்கக்கூடாதுன்னு மருத்துவ கவுன்சில் விதில 2009 டிசம்பர்லயே சேத்தாச்சு. "பேரை மட்டும் கீழ சின்னதா போடுங்க, வேற ஒண்ணும் எழுத வேண்டாம்"னு அவங்க சொல்லுவாங்க, ஆனா சக்கரை கட்டுரைக்கு அடில அந்தப் பேரு இருந்தா படிக்கறவங்களுக்கு என்ன தோணும்னு உங்களுக்கே தெரியும்.

ஆஸ்பத்திரி விவகாரம் கொஞ்சம் நாசூக்கு. நல்ல ஆஸ்பத்திரியாவே இருக்கட்டும். நாளைக்கு நீங்க "சிசேரியன் எப்ப தேவை, எப்ப தேவையில்ல"ன்னு எழுதப் போறீங்க, "முழங்கால் மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய கேள்விகள்"னு எழுதப் போறீங்க. யாரும் உங்களுக்கு ஃபோன் பண்ணி மிரட்ட மாட்டாங்க, அதெல்லாம் சினிமால. நடக்கறது என்னன்னா மாசம் முதல் தேதி காசு வர்ற எடத்தை நினைச்சு நீங்களே ரெண்டு வரியை எடுத்துருவீங்க. எடுத்தது உங்களுக்கே தெரியாது.

இது மருந்து, ஆஸ்பத்திரியோட முடியறதும் இல்ல, நம்ம ஊர் தொழிலையும் சேத்து யோசிக்கணும். திருப்பூர் சாயப்பட்டறைக்காரர் ஒருத்தர் நல்ல மனசோட குடுக்கறாருன்னு வெச்சுக்குங்க, சாயக்கழிவு கலந்த நொய்யல் தண்ணி, அது தேங்குன ஒரத்துப்பாளையம் அணை, 2011 ஜனவரில சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை, இதெல்லாம் இருக்கற ஊர்ல தண்ணி பத்தி உங்களால தயங்காம எழுத முடியுமா? நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர் குடுத்தா, கோழிக்கு போடற ஆன்டிபயாடிக் பத்தி எழுதணுமே, கொலிஸ்டின்னு ஒரு மருந்தை கால்நடைக்கும் கோழிக்கும் போடக்கூடாதுன்னு மத்திய அரசு 2019 ஜூலைல தடையே போட்டுச்சு. மில்லுக்காரர் குடுத்தா பஞ்சு தூசியும் நுரையீரலும். அதுக்காக தொழில் பண்றவங்க காசே ஆகாதுன்னு சொல்லல, அவங்க இல்லாட்டி கொங்கு நாட்டுல பாதி பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இல்ல. 1926ல பீளமேட்டுல பிஎஸ்ஜி குடும்பத்து அண்ணந்தம்பி நாலு பேரும் சொத்தை அஞ்சா பிரிச்சு அஞ்சாவது பங்கை தர்மத்துக்குன்னு ஒதுக்குனதுல இருந்துதான் இன்னைக்கு அந்த காலேஜ், ஆஸ்பத்திரி எல்லாம். நான் சொல்றது, ஒருத்தர் காசு நின்னா தளமே நின்னு போற நிலைமைக்கு போகாதீங்க. எந்த ஒரு ஆளோ கம்பெனியோ வருஷ மொத்தத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல குடுக்க முடியாதுன்னு விதியை எழுதி, தளத்துலயே எல்லாரும் பாக்கற மாதிரி போட்டுருங்க. இதை போட்டதுக்கு அப்புறம் வேண்டாம்னு சொல்றதும் சுலபம், "விதி அப்படிங்க"ன்னு சொல்லிட்டு காபி குடுத்து அனுப்பிச்சிரலாம்.

இப்படி நடத்தி காட்டுனவங்க இருக்காங்களான்னா இருக்காங்க. ஃபிரான்ஸ்ல பிரெஸ்க்ரீர்னு ஒரு மருத்துவ இதழ், 1981ல ஆரம்பிச்சது, விளம்பரம் கிடையாது, மருந்து கம்பெனி காசு கிடையாது, சந்தா கட்டற டாக்டர், ஃபார்மசிஸ்ட் காசுலயே ஓடுது. வருஷா வருஷம் "இந்த மருந்தெல்லாம் தவிர்க்கறது நல்லது"ன்னு பேர் சொல்லி பட்டியல் போடறாங்க. மீடியேட்டர்னு ஒரு மாத்திரை இதய வால்வை கெடுக்குதுன்னு 2009ல அங்க விற்பனையை நிறுத்துனாங்க, அதுக்கு பல வருஷம் முன்னாடியே அது வேண்டாம்னு எழுதுனது இந்த இதழ். ஆனா அவங்க ரூட்டை அப்படியே நீங்க எடுக்க முடியாது, அவங்க வாசகர் டாக்டர், சந்தா கட்டுனாத்தான் படிக்க முடியும். உங்க வாசகர் பவானில தறி ஓட்டற அக்கா, சக்கரை ரிப்போர்ட்டை கைல வெச்சுட்டு தேடறவங்க. அவங்க முன்னாடி பூட்டு போடக்கூடாது. குடுக்க முடிஞ்சவங்க குடுப்பாங்க, குடுக்காதவங்களும் அதையேதான் படிப்பாங்க, இது ரெண்டாவது விதி.

சரி செலவுக்கு வர்றேன். ஒரு பேச்சுக்கு போடறேனுங்க, உங்க கணக்கு வேற மாதிரி இருக்கும். டொமைன், ஹோஸ்டிங், ஈமெயில் எல்லாம் சேத்து வருஷம் 12,000 வெச்சுக்கலாம். நிறைய பேர் இதுதான் செலவுன்னு நினைக்கறாங்க, இது ஒண்ணுமே இல்ல. ஒரு பார்ட் டைம் ஆள், எழுதுனதை திருத்தி, பழைய கட்டுரையை எடுத்து புது வழிகாட்டுதலுக்கு தக்க மாத்தி வைக்கறதுக்கு மாசம் 15,000ன்னா வருஷம் 1,80,000. மாசம் நாலு கட்டுரை, ஒவ்வொண்ணையும் அந்தந்த துறை டாக்டர் ஒருத்தர் படிச்சு பாக்கறதுக்கு 1,000, வருஷம் 48,000. டாக்டர் ஃப்ரெண்டுங்க சும்மாவே பாத்து தருவாங்கன்னு நீங்க சொல்லுவீங்க, ஆறு மாசம் தருவாங்க, அப்புறம் அவங்க ஓபி கூட்டத்துல உங்க கட்டுரை மூணு மாசம் கிடக்கும், கேக்கவும் முடியாது. படம் வரையறவங்களுக்கு 24 படத்துக்கு தலா 1,500ன்னா 36,000. ஆடிட், ஃபைலிங் 25,000, எங்க ஆளுகளும் சாப்பிடணும்ங்க. சில்லறை செலவு 19,000. கூட்டுனா 3,20,000.

இதை மாசம் 100 ரூபா குடுக்கறவங்களால வகுத்து பாருங்க. வருஷத்துக்கு 1,200, அப்ப 267 பேர். நடுவுல விட்டுட்டு போறவங்க, ஆன்லைன்ல காசு வாங்கித் தர்ற கேட்வேக்காரங்க கமிஷன் எல்லாம் சேத்து 300 பேர்னு வெச்சுக்கலாம். நம்ம பக்கம் ஒரு பெரிய மண்டபத்து கல்யாணத்துல ஒரு பந்தில உக்கார்ற கூட்டம், அவ்வளவுதான். இந்த நம்பரை தளத்துல மொதப் பக்கத்துலயே போடுங்க, "300 பேர் வேணும், இப்ப 41 பேர் இருக்காங்க" அப்படின்னு. "ஆதரவு தாரீர்"னு பொதுவா போட்டா யாரும் தர மாட்டாங்க, எவ்வளவு பத்தாம இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் கை பாக்கெட்டுக்கு போகும்.

நம்ம ஆளுக குடுக்கற குணத்தையும் புரிஞ்சுக்கணும். கண்ணுல பாக்கறதுக்கு குடுப்பாங்க. கோயில் மண்டபம், பள்ளிக்கூடத்துல ஒரு கிளாஸ் ரூம், டயாலிசிஸ் மெஷின், எல்லாத்துலயும் ஒரு கல்வெட்டு. தளத்துக்கு கல்வெட்டு எங்க வைக்கறது? அதனால பொத்தாம் பொதுவா கேக்காம, "ரத்தசோகை பத்தி ஆறு கட்டுரை, படத்தோட, 25,000 ஆகுது"ன்னு துண்டு துண்டா பிரிச்சு கேளுங்க. அப்பா அம்மா நினைவு நாளுக்கு முதியோர் இல்லத்துல ஒரு வேளை சாப்பாடு போடறது இங்க எல்லா ஊட்டுலயும் இருக்கற பழக்கம், அதே நாள்ல ஒரு கட்டுரைக்கு குடுக்கச் சொல்லலாம், கட்டுரை அடில "இன்னார் நினைவாக"ன்னு ஒரு வரி, தொழில் பேர் கடை பேர் இல்லாம. இதுல ஒரு ஜாக்கிரதை, கேன்சர்ல போனவங்க பேரை கேன்சர் கட்டுரைல போடலாமான்னு குடும்பத்தை கேக்காம போட்றாதீங்க, ஊருக்கு சொல்லாம வெச்சிருக்கற ஊடுக நிறைய.

எப்ப கேக்கறதுங்கறதும் இருக்கு. தீபாவளி போனஸ் வர்றப்ப பனியன் கம்பெனி, மில் ஆளுககிட்ட கேக்கலாம், மஞ்சள் வித்து காசு பாக்கற மாசத்துல பண்ணையம் பண்றவங்ககிட்ட கேக்கலாம், மார்ச் கடைசில வரி கட்டறவங்ககிட்ட. வருஷம் முச்சூடும் கேட்டுட்டே இருந்தா குரூப்ல மியூட் பண்ணிருவாங்க. ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு படிக்கற கூட்டமே வருது, அங்க நாலு துண்டறிக்கை குடுக்கறது ஃபேஸ்புக்ல பூஸ்ட் போடறதை விட மேல்ங்கறது என்ற எண்ணம். தமிழ்ல அறிவியல் எழுதுனா வாங்குவாங்களான்னு சந்தேகப்படறவங்களுக்கு ஒண்ணு, 1940கள் கடைசிலயே கோயமுத்தூர்ல ஜி.ஆர்.தாமோதரன் கலைக்கதிர்னு அறிவியல் மாத இதழ் ஆரம்பிச்சு நடத்திக் காட்டுனாரு.

காசு வாங்கற வழி. யூபிஐல க்யூஆர் வெச்சு வாங்குனா கமிஷன் இல்ல, கார்டு எடுக்கணும்னா கேட்வே வேணும், சுமாரா 2 சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி. மாசா மாசம் தானா போறதுக்கு யூபிஐ ஆட்டோபே 2020ல வந்துச்சு, 15,000 வரைக்கும் ஒவ்வொரு தடவையும் பின் போட வேண்டாம், ஒரு நாள் முன்னாடி மெசேஜ் மட்டும் போகும். 100 ரூபா ஆளுகளுக்கு இது இல்லாம ஆகாது. ரெண்டாவது மாசம் ஞாபகப்படுத்தி வாங்கறதுக்குள்ள உங்களுக்கும் அவங்களுக்கும் சங்கடம்.

ஆனா உங்க சொந்த ஜிபே நம்பரை போட்டு வாங்காதீங்கம்மா. சொந்தக்காரங்க இல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல வர்ற பரிசு காசு மொத்தம் 50,000 தாண்டுச்சுன்னா தாண்டுன பாகத்துக்கு மட்டும் இல்ல, முழுசுக்கும் உங்க வருமானத்துல சேத்து வரி. கிளினிக் வருமானமும் அதே அக்கவுண்ட்ல வந்தா எது எதுன்னு பிரிக்கறதுக்குள்ள எங்களுக்கு தலைவலி.

அதனால இப்பத்தான் ட்ரஸ்ட் கேள்வி. மூணு வழி இருக்கு. சொசைட்டின்னா 1975 தமிழ்நாடு சட்டம், ஏழு பேர் வேணும், வருஷா வருஷம் பொதுக்குழு, தேர்தல்னு ஓடும், மூணு பேருக்கு அது தேவையில்ல. செக்ஷன் 8 கம்பெனி பாக்க கம்பீரமா இருக்கும், கோயமுத்தூர்லயே ஆர்ஓசி, அதாவது கம்பெனி பதிவாளர் ஆபீஸ் இருக்கு, ஆனா வருஷாந்திர ஃபாரம் ஒவ்வொண்ணும் லேட்டானா ஒரு நாளைக்கு 100 ரூபா ஃபைன் ஏறிட்டே போகும். உங்களுக்கு பொது அறக்கட்டளை போதும், பத்திரம் எழுதி சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியலாம். பத்திரத்துல ட்ரஸ்டி யாரும் சம்பளம் வாங்க மாட்டாங்கன்னு போடுவாங்க, அப்படி போட்டா அந்த நர்ஸ் அம்மிணி நாளைக்கு முழு நேரமா வேலை பாத்தா சம்பளம் குடுக்க முடியாது, இதை இப்பவே யோசிச்சுக்குங்க.

அப்புறம் 12ஏபி, அதாவது ட்ரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு. 2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம், செக்ஷன் நம்பர், ஃபாரம் நம்பர் எல்லாம் மாறுது, நான் எல்லாரும் சொல்ற பழைய பேர்லயே சொல்றேன். இதுல ஒரு குழி இருக்கு, ஆடிட்டர்களே நிறைய பேர் கவனிக்கறதில்ல. "நாங்க ஹெல்த் எஜுகேஷன் பண்றோம், அதனால கல்வி நோக்கம்"னு பத்திரத்துல எழுதிருவாங்க. வரிச் சட்டத்துல கல்வின்னா பள்ளிக்கூடம், காலேஜ் மாதிரி முறையா சொல்லிக் குடுக்கறதுதான், 1975லயே சுப்ரீம் கோர்ட் லோக சிக்ஷண ட்ரஸ்ட் கேஸ்ல பத்திரிகை நடத்தறதை கல்வின்னு ஏத்துக்கல, 2022ல நியூ நோபிள் கேஸ்ல இன்னும் இறுக்கிட்டாங்க. அப்ப நீங்க பெரும்பாலும் "பொதுப் பயன்பாடு"ங்கற வகைக்குள்ளதான் வருவீங்க. அந்த வகைல வியாபாரம் மாதிரி வர்ற வரவு, விளம்பரம், கட்டணம், புத்தக விற்பனை எல்லாம், மொத்த வரவுல 20 சதவீதத்தை தாண்டுனா அந்த வருஷம் விலக்கு போச்சு. நாளைக்கு "சரி கூகுள் விளம்பரம் மட்டும் போட்டுக்கலாம், 2018ல இருந்து தமிழுக்கும் தர்றாங்களே"ன்னு யாராவது சொன்னா இந்த 20ஐ ஞாபகம் வெச்சுக்குங்க. தமிழ் பக்கத்துக்கு அதுல வர்றதே சொற்பம், அதுலயும் பவுடர் விளம்பரமே வந்து நிக்கும்.

80ஜி இல்லாட்டி குடுக்க மாட்டாங்கங்கறது பாதி பொய்ங்க. 100 ரூபா குடுக்கறவர் வரி விலக்குக்காக குடுக்கறதில்ல. இப்ப தானா விழுகற புது வரி முறைல 80ஜி கழிவே கிடையாது, பழைய முறைல இருக்கறவங்களுக்குத்தான் பிரயோஜனம், அதுலயும் 2,000க்கு மேல ரொக்கமா குடுத்தா கழிவு இல்ல. ஆனா பெருசா குடுக்கறவங்க கேப்பாங்க, அதனால வாங்கி வெச்சுக்குங்க, முதல்ல தற்காலிகமா 3 வருஷத்துக்கு தருவாங்க. வாங்குனா வேலையும் சேந்து வரும், குடுத்தவங்க பேர், பான் நம்பரோட பட்டியல் மே 31க்குள்ள போடணும், லேட்டானா ஒரு நாளைக்கு 200. இன்னொண்ணு, பேர் விலாசம் இல்லாம வர்ற காசு. க்யூஆர்ல யார்னே தெரியாம 50, 100 வந்துட்டே இருக்கும், அது ஒரு அளவை தாண்டுனா தாண்டுன பாகத்துக்கு 30 சதவீதம் வரி, வருஷம் ஒரு லட்சமோ மொத்த நன்கொடைல 5 சதவீதமோ எது எச்சோ அதுவரைக்கும் விட்டுருவாங்க. உங்க அளவுக்கு இப்ப பயமில்ல, இருந்தாலும் குடுக்கறவங்க பேரும் ஊரும் எழுதற மாதிரி ஒரு ஃபாரத்துக்கு அப்புறம் க்யூஆர் வர்ற மாதிரி வைங்க.

சிஎஸ்ஆர் காசு, அதாவது கம்பெனிக சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்கற காசை பத்தியும் யாராவது ஆசை காட்டுவாங்க. வருஷ லாபம் 5 கோடி தாண்டுன கம்பெனிக 2 சதவீதம் ஒதுக்கணும், நோய் தடுப்பு விழிப்புணர்வும் அந்த பட்டியல்ல வருது, நம்ம பக்கம் அந்த அளவு மில்லு நிறையவே இருக்கு. ஆனா வெளி அமைப்புக்கு குடுக்கணும்னா 12ஏபி, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவோட மூணு வருஷம் அதே வேலை பாத்த அனுபவமும் வேணும். அதுக்கு இன்னும் நாளிருக்கு, வந்தாலும் பத்துல ஒண்ணு விதி அதுக்கும்தான்.

வரவு செலவை மாசா மாசம் ஒரே பக்கத்துல போட்டுருங்க, வந்தது இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, வேண்டாம்னு திருப்பி அனுப்புனது இவ்வளவு. அந்த கடைசி வரியை படிச்சுட்டுத்தான் புதுசா நாலு பேர் சேருவாங்க, வேணும்னா பாருங்க.

சித்தப்பா பையன் டாலருக்கு கடைசியா வர்றேன். வெளிநாட்டு காசுக்கு எஃப்சிஆர்ஏன்னு தனிச் சட்டம், 2010ல வந்தது, 2020ல இறுக்குனாங்க. பதிவு வாங்க அமைப்பு 3 வருஷம் நடந்திருக்கணும், அந்த 3 வருஷத்துல 15 லட்சம் செலவு பண்ணியிருக்கணும், காசும் டெல்லில இருக்கற ஒரே ஒரு எஸ்பிஐ கிளைலதான் வந்து விழணும். பதிவு இல்லாம, முன் அனுமதியும் இல்லாம 10 டாலர் வாங்குனாலும் தப்பு தப்புதான். ஆனா அங்க வேலை பாத்தாலும் இந்திய குடிமகனாவே இருக்கறவர் தன்னோட சொந்த சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்பறது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, அமெரிக்க குடியுரிமை வாங்கிட்டாருன்னா இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு தர்ற ஓசிஐ கார்டு இருந்தாலும் அது வெளிநாட்டு காசுதான். அதனால அவர்கிட்ட எந்த நாட்டு பாஸ்போர்ட்னு கேட்டு, இந்திய பாஸ்போர்ட்னா மட்டும் அதோட ஒரு காப்பியை வாங்கி ஃபைல்ல வெச்சுட்டு, அப்புறம் ட்ரஸ்ட் அக்கவுண்ட் நம்பரை குடுங்க.